யூதப் பிள்ளைகள் சமயம் படிப்பது எப்படி?

மகனுக்கு அப்பா என்னென்ன செய்ய வேண்டும் என்று தல்மூத் ஓரிடத்தில் வரிசையாகச் சொல்கிறது. விருத்தசேதனம் செய்விக்க வேண்டும், தலைப்பிள்ளை என்றால் அதற்குரிய மீட்புச் சடங்கை நடத்த வேண்டும், தோரா கற்பிக்க வேண்டும், கல்யாணம் செய்துவைக்க வேண்டும், ஒரு தொழில் பழக்க வேண்டும். நீச்சலும் கற்றுத்தர வேண்டும் என்று சிலர் சொல்வதாகக் கடைசியில் ஒரு வரி வருகிறது. யூதக் குடும்பத்தில் சமயக் கல்விக்கு என்ன இடம் என்பதை இந்த வரிசையே காட்டிவிடும். தொழில், கல்யாணம், நீச்சல் எல்லாவற்றோடும் சேர்ந்த பிள்ளை வளர்ப்பு வேலைதான் அதுவும்.

முதலில் நூல்களைப் பற்றி இரண்டு வார்த்தை. தோரா என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்கள். தமிழ் பைபிளில் பழைய ஏற்பாட்டின் தொடக்கத்தில் இருக்கும் அதே ஐந்துதான். எழுத்தில் இல்லாமல் வாய்வழியாக வந்த சட்டங்களைக் கி.பி. 200 வாக்கில் யெகூதா ஹநாசி என்ற ரப்பி (யூத சமய ஆசான்) தொகுத்தார், அது மிஷ்னா. அந்த மிஷ்னாவை வரிவரியாக எடுத்துவைத்துக்கொண்டு பல தலைமுறை அறிஞர்கள் நடத்திய விவாதம் கெமாரா. இரண்டும் சேர்ந்தால் தல்மூத். பள்ளிகளில் படிக்கப்படும் பாபிலோனியத் தல்மூத் அச்சில் 2,711 தாள்கள், இருபுறமும் எழுத்து.

யூதப் பிள்ளையின் சமயப் படிப்பு என்பது இந்த நூல்களைத் தானே வாசிக்கப் பழகுவது. எதை நம்ப வேண்டும் என்ற பாடம் அதில் குறைவு. எப்படி வாசிப்பது, வாசித்தபடி எப்படி நடப்பது, வாசித்ததோடு எப்படி வாதாடுவது என்பதுதான் நிறைய.

உபாகமம் ஆறாம் அதிகாரத்தில், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் இந்த வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் பேசு என்று ஒரு கட்டளை இருக்கிறது. காலையும் மாலையும் யூதர்கள் சொல்லும் ஷெமா வேண்டுதலில் இந்த வரி வரும். அந்தக் கட்டளைப்படி கற்பிக்கும் வேலை அப்பாவுடையது. சரி, அப்பா இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

இந்தச் சிக்கலைத் தீர்த்த கதையைத் தல்மூத்தே சொல்கிறது. ஆரம்பத்தில் அப்பா இருந்த பிள்ளை படித்தது, இல்லாத பிள்ளை படிக்கவில்லை. பிறகு எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அங்கேயும் அப்பா கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. அப்புறம் மாவட்டந்தோறும் ஆசிரியர்களை வைத்து 16, 17 வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர் கொஞ்சம் கோபித்துக்கொண்டால் பையன்கள் முறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். (அந்த வயது எந்த நூற்றாண்டிலும் அந்த வயதுதான் போலிருக்கிறது.) கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற பிரதான ஆசாரியர், ஊருக்கு ஊர் ஆசிரியர் இருக்க வேண்டும், 6 அல்லது 7 வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வாழ்ந்தவர் இவர். இந்த ஒரு காரியம் நடந்திருக்காவிட்டால் இஸ்ரவேலர் தோராவையே மறந்துபோயிருப்பார்கள் என்கிறது தல்மூத்.

அதே பக்கத்தில் வகுப்பின் அளவுக்கும் கணக்கு இருக்கிறது. 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். 50 பேர் என்றால் இருவர். 40 பேர் இருந்தால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர். நான்காம் நூற்றாண்டு பாபிலோனியாவில் வாழ்ந்த ரவா என்ற அறிஞர் சொன்னது இது. நம் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் இன்றைக்கும் எட்டாத கணக்கு என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கிழக்கு ஐரோப்பாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சிறுவர்களின் பள்ளி ஹெதெர். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆசிரியர் வீட்டின் ஓர் அறை, எல்லா வயதுப் பையன்களும் ஒன்றாக, காலையிலிருந்து சாயங்காலம் வரை உரத்த குரலில் ஓதல், கையில் பிரம்பு. மெலமெத் எனப்பட்ட ஆசிரியருக்குப் பெற்றோர் தரும் கட்டணம்தான் வருமானம். படிப்புக்கு அத்தனை மரியாதை கொடுத்த சமூகம், சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த மனிதரைப் பஞ்சத்தில்தான் வைத்திருந்தது.

பாடம் நடந்த விதம் கவனிக்கத்தக்கது. எபிரேயச் சொல் ஒன்று, உடனே வீட்டில் பேசும் இத்திஷ் மொழியில் அதன் பொருள், மறுபடி அடுத்த எபிரேயச் சொல். 'வயிக்ரா' என்று ஆசிரியர் ராகமாக இழுப்பார். 'உன் எர் ஹாட் கெருஃபன்', அதாவது 'அவர் கூப்பிட்டார்' என்று பையன்கள் அதே ராகத்தில் முடிப்பார்கள். இப்படியே ஐந்து நூல்களும் சொல் சொல்லாக உள்ளே இறங்கும். இந்த 'வயிக்ரா' லேவியராகமத்தின் முதல் சொல். பலிகளையும் தீட்டு விதிகளையும் பேசும் அந்த நூலில்தான் குழந்தைகளின் படிப்பைத் தொடங்குவது வழக்கம். பிள்ளைகள் தூய்மையானவர்கள், பலிகளும் தூய்மையானவை, தூயவர்கள் வந்து தூயதைப் படிக்கட்டும் என்பது பழைய விளக்கம். காளையின் கொழுப்பை எப்படி எரிப்பது என்பதை ஐந்து வயதுக் குழந்தை என்னவென்று புரிந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைய பள்ளிகள் பலவும் ஆதியாகமத்தின் கதைகளில்தான் தொடங்குகின்றன.

எழுத்துக்குத் தேன் தடவும் வழக்கம் இன்னும் பழையது. 12, 13ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய, பிரெஞ்சு யூதர்களிடம் அது இருந்தது பற்றிக் குறிப்புகள் இருக்கின்றன. சினாய் மலையில் தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷவுவோத் பண்டிகையன்று சிறுவனைத் துணியால் போர்த்தி, வழியில் கண்டது எதுவும் அவன் கண்ணில் படாதபடி ஆசிரியரிடம் தூக்கிப்போவார்கள். அவர் மடியில் உட்காரவைத்து, பலகையில் எழுதிய 22 எபிரேய எழுத்துகளையும் முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் சொல்லவைப்பார். பிறகு எழுத்துகளின் மேல் தேன் விடுவார், பையன் நக்குவான். வேத வசனம் எழுதிய தேன் அப்பமும், வசனம் எழுதிய அவித்த முட்டையும் சாப்பிடக் கிடைக்கும். இப்போதும் எழுத்தறிவிக்கும் நாளில் தேன் தருவது பல இடங்களில் உண்டு. பழமைப் பற்றுள்ள குடும்பங்களில் 3 வயதில் பையனுக்கு முதல் முடிவெட்டு. அன்று முதல் தலையில் குல்லாவும் நான்கு மூலையிலும் குஞ்சம் தொங்கும் உள்சட்டையும் போடப் பழக்குவார்கள்.

பள்ளியை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மீதிப் பாதி சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. பஸ்கா இரவு விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதையைக் குடும்பமாக உட்கார்ந்து சொல்லும் சடங்கு அது. கதையைத் தொடங்கிவைப்பவர் பெரியவர் இல்லை. இருப்பதிலேயே சின்னக் குழந்தை எழுந்து, "இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகள் போல இல்லை?" என்று ராகம் போட்டுக் கேட்க வேண்டும். ஏன் இன்று புளிக்காத ரொட்டி மட்டும்? ஏன் கசப்புக் கீரை? ஏன் இரண்டு முறை தொட்டுச் சாப்பிடுகிறோம்? ஏன் சாய்ந்து உட்காருகிறோம்? அந்த இரவின் பல விநோதங்கள் குழந்தை வியந்து கேள்வி கேட்கட்டும் என்பதற்காகவே வைத்தவை. ரப்பி அக்கிவா பஸ்கா நாளில் குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பார், தூங்கிவிடாமல் கேள்வி கேட்கட்டும் என்று தல்மூத் சொல்கிறது. ஒரு ரொட்டித் துண்டை ஒளித்துவைத்து, கண்டுபிடித்த பிள்ளையிடம் பேரம் பேசி, பரிசு கொடுத்துத் திரும்ப வாங்கும் விளையாட்டும் உண்டு. அந்தத் துண்டைச் சாப்பிடாமல் விருந்து முடியாது என்பதால் பேரத்தில் பிள்ளை கைதான் ஓங்கியிருக்கும்.

மிஷ்னாவில் ஒரு வயதுப் பட்டியல் இருக்கிறது: 5இல் வேதம், 10இல் மிஷ்னா, 13இல் கட்டளைகளைக் கடைப்பிடித்தல், 15இல் தல்மூத், 18இல் கல்யாணம். இன்று வைதிகர்களின், அதாவது பழைய சட்டங்களை அப்படியே பின்பற்றும் யூதர்களின், பள்ளிகளில் இது இன்னும் முந்திவிட்டது. வேதத்தை, 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷியின் உரையோடு சேர்த்துப் படிப்பார்கள். ஒரு வசனத்தில் ஒரு சொல் ஏன் கூடுதலாக வந்தது, ஏன் இந்த வரிசையில் வந்தது என்று நோண்டுவது ராஷியின் பாணி. பத்து வயதுக்குள் பிள்ளைக்கும் அந்தக் கண் வந்துவிடும். அதன்பின் தல்மூத்.

முதன்முதலாகத் தல்மூத் படிக்கும் பையன்களுக்குப் பல பள்ளிகளில் கொடுப்பது, கண்டெடுத்த பொருள்களைப் பற்றிய ஓர் அதிகாரம். எந்தப் பொருளைக் கண்டவன் வைத்துக்கொள்ளலாம், எதை ஊரறியச் சொல்லி உடையவனிடம் சேர்க்க வேண்டும் என்று தொடங்கும். சிதறிக் கிடக்கும் நாணயங்கள், பொது வழியில் கிடக்கும் சிறு கதிர்க்கட்டுகள், ரொட்டிக் கடை ரொட்டி, கோத்த மீன் இவற்றையெல்லாம் வைத்துக்கொள்ளலாம். காரணம், இவற்றில் இது என்னுடையது என்று சொல்ல அடையாளம் இல்லை. தொலைத்தவன் இனிக் கிடைக்காது என்று மனம் விட்டிருப்பான். அடையாளம் உள்ளது என்றால் அறிவித்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் அபாயே என்ற அறிஞரும், வகுப்புக் கணக்குச் சொன்ன அதே ரவாவும் மோதுகிறார்கள். பொருள் தொலைந்ததே உடையவனுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் நிச்சயம் கைவிட்டுவிடுவான். அப்படியானால் இப்போதே கைவிட்டதாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்கிறார் ரவா. தெரியாத ஒன்றை எப்படிக் கைவிட முடியும் என்கிறார் அபாயே. நாணயமும் அடையாளம் இல்லாததுதானே, அது விழுந்தது உடையவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி வரும். மனிதன் அடிக்கடி தன் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவன், உடனே தெரிந்திருக்கும் என்று பதில் வரும். இப்படிச் சான்று மேல் சான்றாகச் சில பக்கங்கள் போய், கடைசியில் அபாயே ஜெயிக்கிறார். இருவருக்கும் இடையிலான சச்சரவுகளில் அபாயே பக்கம் தீர்ப்பானவை ஆறே ஆறு. அதில் இது ஒன்று.

இதைப் பையன் தனியாக உட்கார்ந்து படிப்பதில்லை. இருவர் இருவராகப் படிப்பார்கள். அந்த ஜோடிக்கு ஹவ்ருத்தா என்று பேர். ஒருவன் அரமேய மூலத்தை வாசித்துப் பொருள் சொல்வான், மற்றவன் எங்கே ஓட்டை என்று தேடுவான். யெஷிவா எனப்படும் உயர்நிலைச் சமயப் பள்ளியின் படிப்பறைக்குள் நுழைந்தால் சந்தை இரைச்சல். மேசையைத் தட்டுவார்கள், கட்டை விரலைச் சுழற்றுவார்கள், கத்துவார்கள். நூலின் பக்க அமைப்பே இந்தக் கூச்சலுக்குத் தோதானது. நடுவில் மூலம், ஒரு பக்கம் ராஷியின் உரை, மறுபக்கம் ராஷியோடு பல இடங்களில் முரண்படும் தோசஃபோத் உரைகள். தோசஃபோத்தை எழுதியவர்களில் ராஷியின் சொந்தப் பேரன்களும் உண்டு. தாத்தா சொன்னது தப்பு என்று பேரன் எழுதியதை அதே பக்கத்தில் அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற கல்வி இது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

வெளியுலகுக்கு நன்றாகத் தெரிந்தது பார் மிட்ஸ்வா. 13 வயது நிறைந்த பையன் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பாகிறான். சடங்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும் 13 ஆனாலே அந்தப் பொறுப்பு வந்துவிடும். விழா என்பது அதை ஊருக்குக் காட்டுவது. பையன் ஜெப ஆலயத்தில் தோராச் சுருளிலிருந்து அந்த வாரத்துப் பகுதியை ஓத வேண்டும். கஷ்டம் எங்கே என்றால், சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான் இருக்கும். உயிர்க்குறியும் இல்லை, ராகக் குறியும் இல்லை, நிறுத்தக் குறியும் இல்லை. அச்சிட்ட புத்தகத்தில் இவற்றைப் பார்த்து மாதக்கணக்கில் மனப்பாடம் செய்துவிட்டு, அன்று வெறும் எழுத்தைப் பார்த்து ராகம் பிசகாமல் ஓதுகிறான். சுருளைக் கையால் தொடக்கூடாது என்பதால் வெள்ளிக் குச்சியால் வரியைத் தொட்டுக்கொண்டே போவான். பொருள் மாறும்படி தப்பாக வாசித்தால் பக்கத்தில் நிற்பவர் உடனே உரக்கத் திருத்துவார். திரும்ப வாசிக்க வேண்டும். ஓதி முடித்ததும் பல இடங்களில் மேல் மிட்டாய் மழை.

அப்புறம்? அமெரிக்க யூதர்கள் சொல்லிச் சிரிக்கும் பழைய ஜோக் ஒன்று. ஜெப ஆலயத்தில் எலித்தொல்லை. பொறி வைத்தார்கள், மருந்து வைத்தார்கள், போகவில்லை. ரப்பி வந்து, "எல்லா எலிகளுக்கும் பார் மிட்ஸ்வா செய்துவைத்துவிட்டேன். இனி இந்தப் பக்கமே வராது" என்றாராம். பொறுப்பு தொடங்குகிற நாளே பலருக்குப் படிப்பு முடிகிற நாளாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சீர்திருத்த யூதர்கள் கிறிஸ்தவர்களின் உறுதிபூசுதல் போன்ற ஒரு சடங்கைக் கொண்டுவந்தார்கள். ஷவுவோத் நாளில் நடக்கும் அது அமெரிக்காவுக்கும் போனது. பிள்ளைகளை 15, 16 வயது வரை பிடித்துவைக்க அங்கே அதைப் பயன்படுத்தினார்கள். ஓரளவுக்குத்தான் பலித்தது.

இதுவரை 'பையன், பையன்' என்றே எழுதிவந்தேன். வரலாறு அப்படித்தான் இருந்தது. மகளுக்குத் தோரா கற்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று பென் அஸ்ஸாய் சொன்னதும், கற்பிப்பது அவளுக்கு ஒழுக்கக்கேட்டைக் கற்பிப்பதற்குச் சமம் என்று ரப்பி எலியேசர் சொன்னதும் மிஷ்னாவில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. நூற்றாண்டுகளாக நடைமுறையில் எலியேசர் பக்கம்தான் காற்றடித்தது. பெண்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக் கற்றார்கள்.

போலந்தின் கிராக்கோவில் நிலைமை ஒரு முரணான இடத்துக்குப் போனது. பையன்கள் ஹெதெருக்குப் போக, பெண்கள் அரசின் கட்டாயக் கல்விச் சட்டப்படி போலிஷ் பள்ளிகளுக்குப் போனார்கள். அவர்களுக்கு இலக்கியம் தெரியும். சொந்த வேதம் தெரியாது. சாரா ஷெனிரெர் என்ற தையல்காரப் பெண்ணுக்கு இது உறுத்தியது. தன்னிடம் துணி தைக்க வரும் பெண்கள் உடம்புக்கு எத்தனை கவனமாக அளவு பார்க்கிறார்கள், உள்ளத்துக்கு உடுப்பில்லையே என்ற வருத்தம் அவருடையது. 1917இல் கிராக்கோவில் ஒரு சிறு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். பேத் யாக்கோவ் என்ற அந்தப் பள்ளி 1935இல் அவர் இறப்பதற்குள் பல நாடுகளில் பரவியிருந்தது. இன்றும் வைதிகப் பெண்களின் பெரிய பள்ளி வலை அதுதான். ஆனால் அங்கே வேதமும் சட்டமும் உண்டு, தல்மூத் வழக்கமாக இல்லை. பெண்களுக்குத் தல்மூத்தும் கற்பித்த முன்னோடிகளில் ஒன்று, ரப்பி ஜோசப் சொலொவெய்ச்சிக் 1937இல் பாஸ்டனில் நிறுவிய மைமோனிடெஸ் பள்ளி. பெண் பிள்ளைக்கு 12 வயதில் வரும் பாத் மிட்ஸ்வாவை அமெரிக்காவில் முதன்முதலாக ஜெப ஆலயத்தில் வைத்துக் கொண்டாடியது 1922 மார்ச் 18இல், நியூயார்க்கில். ரப்பி மொர்தெகாய் கப்லானின் மகள் ஜூடித், சுருளிலிருந்து இல்லாமல் தன் புத்தகத்திலிருந்து வாசித்தார்.

இன்று நாட்டுக்கு நாடு ஏற்பாடு வேறு. அமெரிக்காவில் வைதிகமற்ற குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் சாதாரணப் பள்ளிக்குப் போய்விட்டு, ஞாயிறு காலையும் வாரத்தில் ஓரிரு சாயங்காலமும் ஜெப ஆலயத்தில் நடக்கும் எபிரேயப் பள்ளிக்குப் போகிறார்கள். ஞாயிறு வகுப்பு முறையை ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி 1838இல் பிலடெல்பியாவில் தொடங்கினார். விளையாட்டை விட்டுவிட்டு வந்து, புரியாத எழுத்தை வேகமாக வாசிக்கப் பழகுவது என்று இந்த வகுப்புகளைப் பற்றிப் புலம்பாத அமெரிக்க யூதர் குறைவு. அதே பிள்ளைகள் கோடை முகாமுக்கு மட்டும் குதித்துக்கொண்டு போவார்கள். 1947இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய ராமா முகாம்களில் எபிரேயமும் வேண்டுதலும் ஓய்வுநாளும் நீச்சலோடும் படகோடும் சேர்ந்தே நடக்கின்றன. முழுநேரச் சமயப் பள்ளியில் காலை வேதம், மதியம் கணக்கும் அறிவியலும் என்று நாள் பாதிபாதியாகப் பிரியும், நாளும் நீளும்.

இஸ்ரேலில் பொது அரசுப் பள்ளிகள், அரசு-சமயப் பள்ளிகள் என்று 1953இல் சட்டம் பிரித்தது. சமயப் பற்றில்லாத பிள்ளையும் அரசுப் பள்ளியில் வேதத்தை ஒரு பாடமாகப் படித்துத்தான் ஆக வேண்டும். அங்கே அது வரலாறும் இலக்கியமும். ஹரேதி எனப்படும் தீவிர வைதிகர்களுக்குத் தனிப் பள்ளிகள். அவர்களின் பையன்கள் எட்டாம் வகுப்புக்கு மேல் சிறு யெஷிவாவுக்குப் போனால் நாள் முழுக்கத் தல்மூத்தான். கணக்கும் ஆங்கிலமும் பெரும்பாலும் கிடையாது. 2008இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு இந்தப் பள்ளிகளுக்கு அடிப்படைப் பாடத்திட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. தோராப் படிப்புதான் உலகத்தைத் தாங்குகிறது, அதில் ஒரு மணி நேரத்தையும் குறைக்க மாட்டோம் என்பது அவர்கள் வாதம். இந்தப் பையன்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள் என்பது எதிர்வாதம். நியூயார்க்கிலும் இதே சண்டை. சமயப் பள்ளிகளின் பொதுப்பாடம் அரசுப் பள்ளிகளுக்கு ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும் என்று மாநிலக் கல்வி வாரியம் 2022இல் விதி கொண்டுவந்தது.

விநோதம் என்னவென்றால், ஹரேதிப் பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தடை இல்லை. தல்மூத் படிக்க வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதாலேயே அவர்களுக்குக் கணக்கும் கணினியும் கிடைத்தன. இன்று இஸ்ரேலின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் ஹரேதிப் பெண்கள் பலர். கணவர் பெரியவர்களுக்கான படிப்பகத்தில் தல்மூத்தில் மூழ்கியிருக்க, வீட்டுச் செலவை அவர்கள் சம்பளம் தாங்குகிறது. தங்கள் மகன்கள் கணக்கும் படிக்கட்டும் என்று நினைக்கும் பெற்றோருக்காக 2014 வாக்கில் அரசு-ஹரேதிப் பள்ளிகள் என்று புதிதாக ஒரு பிரிவு தொடங்கியது. ரப்பிகள் பலர் அதை எதிர்க்கிறார்கள், சேரும் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம்தான்.